கிளாட்சன் வருகிற நாள்

கிளாட்சனை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது என் வீட்டு கேட்டுக்கு வெளியே வைத்து. நல்ல மழை. கையில் குடை இருந்தும் விரிக்காமல் நின்றான். "வரட்டா சார்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பான், அது எனக்குத் தெரியும். நின்றான். பிறகு போய்விட்டான். இன்றைக்கு அவனை மார்த்தாண்டத்தில் அடக்கம் பண்ணிவிட்டு வருகிறேன்.

நீங்கள் நாகர்கோவில் வரைக்குமா? நல்லது. பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, மேலே வைத்தால் வளைவில் விழும். லேப்டாப்தானே உள்ளே? கம்ப்யூட்டர் வேலையா? அப்படியானால் நான் சொல்வது உங்களுக்குப் பாதியாவது விளங்கும். அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெரிய மனசுதான். பகவதியைக் கொன்றவனின் அடக்கத்துக்குப் போக மனசு வேண்டாமா?

பகவதி என் சம்சாரம். கொன்றான் என்றால் கத்தி எடுத்து இல்லை. புரோகிராம் எழுதி. சொல்கிறேன், கேளுங்கள். தக்கலையில் எப்படியும் பஸ் நிற்கும், நேரம் இருக்கிறது.

நான் ஆஸ்பத்திரியில் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்தவன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கு எர்த் கொடுத்தவன் நான். அதை நிறுவ வந்த சென்னை ஆள் ஊருக்குப் போன பிறகு அதன் பக்கத்தில் உட்கார்ந்தவனும் நான்தான். திருவனந்தபுரம் போய்ப் பழைய புத்தகக் கடையில், மெஷினை ஓட்டுகிற யூனிக்ஸ் பற்றி ஒரு தடித்த புத்தகம் வாங்கினேன். ஒரு கையில் அது, இன்னொரு கையில் அகராதி. எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. பின்னால் அதன் இடத்தில் லினக்ஸ் வந்தது, லேபுக்குத் தனி சர்வர் வந்தது. சர்வர் அறைச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. மெஷினில் எதையும் மாற்ற அதிகாரம் தருகிற ரூட் பாஸ்வேர்டு எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். சூப்பிரண்டு டாக்டருக்குக்கூடத் தெரியாது. ஒருமுறை கேட்டார். "வேண்டாம் டாக்டர், தெரிஞ்சா உங்களுக்குத்தான் தொந்தரவு" என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

கிளாட்சன் படித்தவன். எம்.சி.ஏ. அவன் வந்த புதிதில் ரத்தப் பரிசோதனை முடிவெல்லாம் சீட்டில் எழுதி அட்டெண்டர் கொண்டுபோவார். பாதிச் சீட்டு லிப்டிலேயே கிடக்கும். இவன் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினான். லேபில் மெஷின் ரத்தத்தைப் பார்த்து முடித்ததும் முடிவு நேராக வார்டில் நர்ஸ் முன்னால் இருக்கிற ஸ்க்ரீனில் வரும். எல்லாரும் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். "கிளாட்சன் தம்பி, கிளாட்சன் தம்பி." அந்தப் புரோகிராம் ஓடுகிற மெஷினை விழாமல் வைத்திருக்கிறவன் யார் என்று ஒருவராவது கேட்டார்களா? இல்லை.

பகவதிக்கும் அவனைப் பிடிக்கும். மதியம் சில நாள் என்னோடு வீட்டுக்குச் சாப்பிட வருவான். சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்துவிடுவான். அதை ஒரு பெரிய விஷயமாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். "பாத்தியளா, ஒரு பயலுக்கு இருக்க மரியாதைய." எனக்குச் சொல்கிறாளாம்.

மெமரி என்று ஒன்று இருக்கிறதே, ரேம், அது அந்த மெஷினில் கொஞ்சம்தான் இருந்தது. அதை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு வைத்து, யாரும் மீறாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்காகவே நான் ஒரு புரோகிராம் எழுதினேன். காவல் என்று பெயர் வைத்தேன். இந்தப் பஸ் கண்டக்டர் நிமிஷத்துக்கு ஒருதரம் ஆளை எண்ணுகிறார் பாருங்கள், அதுபோல அது விழித்துப் பார்க்கும். யார் எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளும். குறித்ததை விடாது. எல்லாவற்றையும் கையிலேயே வைத்திருக்கும். எப்போது கேட்டாலும் முதல் நாளிலிருந்து ஒப்பிக்கும். அப்படி எழுத எனக்கு ஒரு வருஷம் ஆனது. ஒரு பிரயோஜனமும் இல்லாதவனைக்கூட அது மறக்காது.

அந்த மெஷினை நிறுத்த நான் விடமாட்டேன். முன்பெல்லாம் மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்கள், மெஷினும் நின்றுவிடும். எனக்கு அது அவமானமாக இருக்கும். சண்டை போட்டுப் பெரிய யுபிஎஸ் வாங்க வைத்தேன், ஜெனரேட்டரிலிருந்து தனி லைன் இழுத்தேன். அதற்கப்புறம் அது நிற்கவே இல்லை. ஆயுத பூஜைக்கு மற்ற எல்லா மெஷினையும் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். இதற்கு மட்டும் ஓடும்போதே பொட்டு வைத்தேன். எத்தனை நாளாக விழாமல் ஓடுகிறது என்று அதையே கேட்டால் சொல்லும். காலையில் வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

அதற்குப் பிறகுதான் கிளாட்சனின் புரோகிராம் சாக ஆரம்பித்தது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நடந்த வரிசை தப்பக்கூடாதே என்றுதான் சொன்னேன்.

மெமரி தீர்ந்துபோனால் லினக்ஸ் என்ன செய்யும், தெரியுமல்லவா? யாரையாவது ஒருவனைக் கொல்லும். மெஷின் மொத்தமாக விழுவதற்கு ஒருவன் போவது மேல். யாரைக் கொல்லும்? ஆகப் பெரியவனை. இந்தப் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை என்றால் கண்டக்டர் இருக்கிறதிலேயே பருமனான ஆளைப் பார்த்து, ஓய், நீர் இறங்கும் என்பார் இல்லையா, அதுதான் கணக்கு. அதிலும் இன்னாரைத் தொடாதே என்று ரூட் எழுதி வைக்கலாம். காவலைத் தொடாதே என்று நான் எழுதி வைத்திருந்தேன். காவல்காரனையே கொன்றுவிட்டால் அப்புறம் யார் பார்ப்பது?

கொன்ற பிறகு லாகில், அதாவது மெஷினின் குறிப்பேட்டில், ஒரு வரி எழுதும். கொல்லப்பட்டது இன்ன புரோகிராம், உரியவர் இன்னார் என்று. ஒவ்வொரு தடவையும் அந்த வரியில் கிளாட்சன் பெயர்தான். நான் அந்த வரியைப் பிரிண்ட் எடுத்து கேன்டீன் போர்டில் குத்தி வைத்தேன். பொய்யா? மெஷின் எழுதியது.

வார்டிலிருந்து போன் வரும். "தாணு சார், ஸ்க்ரீன் அசையல்ல."

"கிளாட்சனக் கூப்பிடுங்கோ சிஸ்டர். அவன் பிள்ளைதான் செத்துக் கிடக்கு."

கேன்டீனில் அவன் டீ குடிக்க வந்தால் கேட்பேன், "என்ன கிளாட்சா, இன்னைக்கு பிள்ளைக்கு அடக்கம் எத்தன மணிக்கு?" எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். அவனுக்கும் ஜெயசீலிக்கும் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை இல்லை என்று பகவதி சொல்லித்தான் எனக்கு ஞாபகம் வந்தது. "உங்க வாயில புழுதான் வைக்கும்" என்றாள். தமாஷுக்குச் சொன்னதை எல்லாம் பிடித்துக்கொண்டால் எப்படி?

கிளாட்சன் சண்டை போடமாட்டான். வாசலில் வந்து நிற்பான். சர்வர் அறைக்கு உள்ளே வரமாட்டான், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நிற்பான்.

"சார், ஒரு சந்தேகம்."

"சொல்லு."

"எனக்கு எம் புரோகிராம் மட்டுந்தான் தெரியுது. மத்தது ஒண்ணும் தெரியல்ல."

"தெரியாது. ஒருத்தன் ஓட்டுறத இன்னொருத்தன் பாக்கக்கூடாதுன்னு நாந்தான் மறச்சி வச்சிருக்கேன். புத்தகத்துல போட்டிருக்கு."

"இல்ல சார், எம் புரோகிராம் எடுக்கது கால் பங்குதான் வருது. மொத்தம் தீந்துபோச்சுன்னு மெஷின் சொல்லுது. பாக்கி எங்க போச்சு?"

"சர்வர்னா ஆயிரம் வேலை இருக்கும். உங்க காலேஜ்ல சொல்லித்தரல்லியா?"

"வாரத்துக்கு ஒருதரம் ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிரும்னு தோணுது சார். கரண்டு போயிட்டு இருந்த காலத்துல இது வரல்ல."

"உன் புரோகிராமுக்காக எம் மெஷின நிறுத்தணுமா? போய் ஒழுங்கா எழுதுலே."

போய் எழுதினான். திரும்பத் திரும்ப எழுதினான். ஒவ்வொரு தடவையும் அதை இன்னும் சின்னதாக்கிக்கொண்டு வந்தான். என்ன சின்னதாக்கி என்ன, சாகத்தான் செய்தது. செத்தால் தானாக எழுந்துகொள்ள வழி செய்து தாருங்கள் என்று கேட்டான். அதற்கு ரூட் வேண்டும். தரமாட்டேன் என்றேன். தானாக எழுந்தால் தப்பு எப்படி வெளியே தெரியும்? கூடுதலாக ஒரு ரேம் வாங்கிப் போடச் சொல்லி சூப்பிரண்டு டாக்டரிடம் நேராகப் போய்விட்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னைத் தாண்டிப் போனான் பாருங்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "அவன் எவ்வளவு தின்கிறான் என்று காவலிலிருந்து முழு ரிப்போர்ட் எடுத்துத் தருகிறேன், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் பகவதி அட்மிட் ஆகியிருந்தாள். கிட்னி. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஏறி இறங்கும், அளவு மீறினால் நெஞ்சு நின்றுவிடும். மருந்து கொடுத்து இறக்கி வைத்திருந்தார்கள். ஆபத்து இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் பார்க்கப் போனேன். எழுந்து உட்கார்ந்து முடியை வாரிக்கொண்டிருந்தாள். மேஜையில் ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ்.

"ஏது?"

"கிளாட்சன் வாங்கிட்டு வந்தான். நான் திங்கக்கூடாதாம், நர்ஸ் பிடுங்கப் பாத்தா. நீங்க கொண்டு போங்கோ."

"அவங்கிட்ட எதுக்கு வாங்குக?"

"அந்தப் பய ஒறங்கல்ல போல. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. அவன என்னமும் சொல்லாதிங்கோ."

இவ்வளவுதான் பேசினோம். எனக்கு வேலை இருந்தது. அவளுக்கு ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். நான் கீழே சர்வர் அறைக்கு வந்து காவலிலிருந்து முழு ரிப்போர்ட் எடுக்கச் சொன்னேன். முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் புரட்ட வேண்டுமே, நேரம் எடுத்தது. நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கிளாட்சனின் புரோகிராம் செத்தது. செத்தது யாருக்கும் தெரியவில்லை. லேபில் பொட்டாசியம் ஏறிவிட்டது என்று முடிவு வந்தது. அது வார்டுக்குப் போய்விட்டது என்று லேப்காரர்கள் நினைத்தார்கள். மேலே வார்டு ஸ்க்ரீனில் முந்தின நாள் எண் அப்படியே நின்றது. நல்ல எண். டாக்டர் ரவுண்ட்ஸில் வந்து அதைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறீர்கள், நாளை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாராம். பகவதி மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறாள். பக்கத்துக் கட்டில்காரியிடம் நாளைக்கு வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அப்புறம் நெஞ்சு நின்றுவிட்டது.

எனக்கு ஆள் வந்து சொன்னபோது ரிப்போர்ட் வந்து முடிந்திருந்தது.

தம்பி, ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள். இல்லை, பரவாயில்லை. தூறல்தான்.

லாகைப் பார்த்தேன். கடைசி வரியில் கிளாட்சன் பெயர். ரிப்போர்ட்டோடு அதையும் சேர்த்து சூப்பிரண்டு டாக்டரிடம் கொடுத்தேன். பகவதியின் காரியங்கள் முடிவதற்குள் அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். போகிற அன்றைக்குக்கூட அவன் உட்கார்ந்து ஒன்றைத் திருத்திவிட்டுப் போயிருக்கிறான். புரோகிராம் செத்தால் ஸ்க்ரீனில் பழைய எண் நிற்காது, காலியாகிவிடும். பார்த்தீர்களா? அப்படியானால் தப்பு அவனுடையது என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது அல்லவா?

பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தான். ஜெயசீலியும் கூட வந்தாள். நான் கேட்டைத் திறக்கவில்லை.

"சார், ஸ்க்ரீன காலியாக் காட்டிருக்கணும். எனக்குத் தோணாமப் போச்சு. அக்காவ நாந்தான் சார்..."

"ஆமா. நீதான்."

ஜெயசீலி என்னைப் பார்த்தாள். "சார், இவரு மூணு நாளா சாப்பிடல்ல" என்றாள்.

"அவளுந்தான் சாப்பிடல்ல" என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் வருவான். தனியாகத்தான். நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கேட் தூண்மேல் வைப்பான். "சார், மன்னிச்சிருங்கோ" என்பான். நான் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பேப்பர் படிப்பேன். ஒருமுறை வெயிலில் ரொம்ப நேரம் நின்று தூணைப் பிடித்துக்கொண்டான். அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை. அவன் போன பிறகு பொட்டலத்தை எடுத்து உள்ளே கொண்டுபோவேன். நாய்க்குப் போடுகிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். நினைக்கட்டும். மாலைச் சாயாவுக்கு ஒரு வாரம் வரும்.

என் மகன் மஸ்கட்டில் இருக்கிறான். அவனுக்கு அந்தத் தேதி ஞாபகம் இருக்காது. மறுநாளோ அதற்கு மறுநாளோ போன் பண்ணி, "அப்பா, நேத்தா அது?" என்பான். கிளாட்சனுக்கு ஒருதரம்கூடத் தவறியதில்லை. அவன் வருகிற நாள் காலையில் நான் முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளித்து, சட்டை மாற்றி உட்கார்ந்துவிடுவேன். கொஞ்சம் தாமதமானால் ரோடு வரைக்கும் போய்ப் பார்ப்பேன். வருவது தெரிந்ததும் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன்.

என்ன தம்பி பார்க்கிறீர்கள்? குற்றம் செய்தவன் வந்து நிற்க வேண்டாமா?

நான் ஓய்வுபெற்ற பிறகு என் இடத்துக்கு அபிஷா என்று ஒரு பெண் வந்தாள். கருங்கல் பக்கத்துப் பெண். இவளும் எம்.சி.ஏ., கெட்டிக்காரி என்று சொன்னார்கள். ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் பிரிண்ட் எடுத்த தாள் சில. நன்றாக உட்காரவைத்துச் சாயா கொடுத்தேன்.

"சார், உங்க காவல் புரோகிராம நிறுத்திட்டேன். கோவப்படாதிங்கோ."

"ஏன்?"

"அத நிறுத்தினதுல இருந்து லேப் புரோகிராம் ஒருதரம்கூடச் சாகல்ல."

"கிளாட்சன் எழுதினத நீ நல்லாத் திருத்திருப்ப."

"நான் அதத் தொடவே இல்ல சார்." தாளை என் முன்னால் வைத்தாள். "இது அந்தப் பழைய லாக். இந்தக் கடைசி வரியத்தானே நீங்க போர்டுல போட்டிருந்திய? இதுக்கு மேல நீளமா ஒரு அட்டவணை இருக்கு, பாத்திருக்கியளா? அந்த நேரம் மெஷின்ல யார் யார் எவ்வளவு மெமரி எடுத்திருந்தாங்கன்னு."

"அதையெல்லாம் எதுக்குப் பாக்கணும்? செத்தது யாருன்னு கீழ போட்டிருக்கே."

"செத்தது கிளாட்சன் அண்ணனோட புரோகிராம் சார். மெமரியத் தின்னது உங்க காவல். குறிச்சது ஒண்ணையும் அது விடல்ல. நாளுக்கு நாள் வளந்திருக்கு. அண்ணன் எடுத்ததவிட மூணு மடங்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எம்.சி.ஏ. படித்த எல்லாரும் இப்படித்தான் என்று நினைத்தேன். "அப்படின்னா மெஷின் காவலத்தானே கொன்னிருக்கணும்? ஆகப் பெரியவனத்தானே கொல்லும்? எங்க, அதுக்குப் பதில் சொல்லு பாப்பம்."

அவள் சிரிக்கவில்லை. "காவலத் தொடாதேன்னு நீங்கதான் எழுதி வச்சிருக்கியளே சார். அதனால அது அடுத்த ஆளப் பாத்திருக்கு."

சாயா ஆறிக்கொண்டிருந்தது. "குடி, மக்களே" என்று மகளிடம் சொல்வதுபோலச் சொன்னேன். அவள் குடிக்கவில்லை.

"அன்னைக்குக் காலையில காவல்ல இருந்து நீங்க முழு ரிப்போர்ட் கேட்டிருக்கிய, அதுக்கு மிச்ச மெமரியும் போயிருக்கு. அதுக்குப் பெறகுதான்..." என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு அழுதாள். அவளுக்கு எதற்கு அழுகை? செத்தது என் பெண்டாட்டி.

நான் அவளிடம் நிதானமாகச் சொன்னேன். பழைய லாகை வைத்து ஆயிரம் கதை சொல்லலாம், ஸ்க்ரீனில் பழைய எண் நின்றதற்கு யார் பொறுப்பு, அதைச் சொல் என்றேன். அவள் தாளை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். பார்த்தீர்களா? ஆனால் ஒரே பிடியாக நின்றாள். "கிளாட்சன் அண்ணங்கிட்ட இதச் சொல்லணும் சார். அவரு வேற நினைச்சிட்டு இருக்காரு. எங்க சர்ச்சுதான், வாரா வாரம் பாக்கேன். கடைசி பெஞ்சிலதான் இருக்காரு."

"நீ சொல்லாத" என்றேன். "நானே சொல்லுகேன். என் வாயால வந்தாத்தான் அவனுக்கும் ஆறுதலா இருக்கும். வருஷா வருஷம் வருவான். நான் பாத்துக்கிடுகேன்."

நம்பிவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காலைத் தொட்டுவிட்டுப் போனாள். கிறிஸ்தவப் பெண், காலைத் தொடுகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை.

சொல்லக்கூடாது என்று நான் நினைக்கவில்லை தம்பி. அவள் சொன்னதில் நிஜம் இல்லையென்றாலும், ஒரு பெண் இப்படிச் சொல்கிறாள் என்றாவது சொல்லியிருப்பேன். அந்த வருஷம் அவன் வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்து பாதி முற்றம் வரை வந்தேன். நான் எழுந்ததைப் பார்த்து அவன் பயந்துபோய்க் கும்பிட்டான். அப்படிக் கும்பிடுகிறவனிடம் என்ன பேசுவது? திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வருஷம் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த வருஷமும் வந்தான். சொல்லியிருந்தால் அதற்கடுத்த வருஷம் எதற்கு வருவான்?

அவனுக்கும் ஒரு கடமை வேண்டாமா என்று சொல்கிறேன்.

வேலை போன பிறகு மார்த்தாண்டத்தில் ஒரு சின்னக் கடை போட்டிருந்தான். ஆதார் திருத்தம், வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பம், இப்படி. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் கம்ப்யூட்டர் வேலைக்குக் கூப்பிட்டார்களாம், போகவில்லையாம். சர்க்கரை இருந்தது. கால் வீங்கிக்கொண்டே போனது. கடைசியாக வந்தபோது மழையில் நின்று, "சார், அடுத்த வருஷம் வருவேனான்னு தெரியல்ல. ஒரே ஒரு வார்த்த சொல்லுங்கோ" என்றான். என்ன வார்த்தை என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதன்பிறகுதான் "வரட்டா சார்" என்றான்.

தக்கலை வந்துவிட்டதா? இல்லை, அழகியமண்டபம்தான். இந்த ரோட்டைத் தோண்டியே நாசமாக்கிவிட்டார்கள்.

நேற்று மாலை ஜெயசீலி போன் பண்ணினாள். "சார், அவரு போயிட்டாரு. நீங்க வருவியளா?" என்றாள். காலையிலேயே கிளம்பிவிட்டேன். வீட்டு முற்றத்தில் பெட்டியை வைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, கோட்டு. அவன் கோட்டுப் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஜெயசீலி எல்லாரையும் விலக்கி என்னை முன்னால் கூட்டிப்போனாள்.

"ஆஸ்பத்திரியில கெடக்கும்போதும் இதையேதான் கேட்டாரு சார். தாணு சார் மன்னிச்சாரா, போன் வந்துதா, போன் வந்துதான்னு. வேலைய விட்ட பெறவு ஒரு வரி புரோகிராம் எழுதல்ல. பிள்ளை ஒண்ணு தத்தெடுப்பம்னு சொன்னதுக்கும் சம்மதிக்கல்ல. ஒரு உசிர எடுத்தவன் கையில பிள்ளையத் தருவாங்களான்னு கேட்டாரு."

எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதகர்கூட ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டார். நான் குனிந்து அவன் நெற்றியில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி, "மன்னிச்சிட்டேன் மக்கா. நிம்மதியாப் போ" என்றேன்.

பெண்கள் ஓவென்று அழுதார்கள். ஜெயசீலி என் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். "இது போதும் சார், இது போதும்" என்றாள். போதகர் பிரசங்கத்தில் என்னைப் பற்றியே பேசினார். பகைவனை நேசிப்பது என்றால் என்ன என்று இன்றைக்குக் கண்ணால் பார்த்தோம் என்றார். நாஞ்சில் நாட்டு இந்து ஒருவரிடம் நாம் கற்க வேண்டியிருக்கிறது என்றார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அபிஷாவும் வந்திருந்தாள். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது என் பக்கத்தில் வந்து நடந்தாள்.

"சார், மன்னிச்சிட்டேன்னு ஏன் சொன்னிய? அவருகிட்ட முன்னாடியே சொல்லிட்டியதானே? எல்லாத்தையும்?"

"சொல்லிட்டேனே."

"எப்போ?"

"நீ வந்துட்டுப் போன அந்த வருஷமே. இது சும்மா, ஜெயசீலிக்காகச் சொன்னது. சபையில நாலு பேருக்கு முன்னால சொன்னா அவளுக்கு ஒரு இது."

நின்றுவிட்டாள். "கேட்டுட்டு அண்ணன் என்ன சொன்னாரு?"

"சிரிச்சான்."

"சிரிச்சாரா?"

"ஆமா. நல்லாச் சிரிச்சான். விட்டுத் தள்ளுங்கோ சார்னான்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது தம்பி. அழுகையும் சிரிப்புமாக நின்றாள். "எனக்கு இத்தன நாளா நெஞ்சுல ஒரு பாரம் சார். வாரா வாரம் பாப்பேன், ஆனா நீங்க சொல்லுகேன்னு சொன்னதால நான் வாயத் திறக்கல்ல. கடைசிவரைக்கும் பின் பெஞ்சிலேயே இருந்தாரா, அதான் சந்தேகமாவே இருந்துது" என்றாள். பாவம். ஒரு நல்ல வார்த்தை சொல்வதில் நமக்கு என்ன குறைந்துபோகிறது?

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டாள். வரும்போது ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் சொன்னாள். புது சர்வர் வாங்கிவிட்டார்களாம். பழையதை எடைக்குப் போட்டாயிற்று. காவல் அதோடு போயிற்று, யாரும் எடுத்து வைக்கவில்லை. கிளாட்சனின் புரோகிராமை மட்டும் அப்படியே புதுசுக்கு மாற்றியிருக்கிறார்கள். அது அவன் பெயரில் உள்ள லாகினில்தான் ஓடும், எழுதும்போதே அப்படி எழுதிவிட்டான். வேலையை விட்டுப் போகிறவர்கள் பெயரை அன்றைக்குச் சாயங்காலமே மெஷினிலிருந்து எடுத்துவிட வேண்டும். அந்த விதியைப் போட்டவன் நான். கிளாட்சன் போன அன்றைக்கு அவன் பெயரை எடுத்தேன், எல்லா வார்டிலும் ஸ்க்ரீன் காலியாகிவிட்டது, திரும்ப வைத்தேன். நான் ஓய்வுபெற்ற அன்றைக்கு என் பெயரை எடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அவன் பெயர் இப்போதும் அதில் இருக்கிறது.